‘இல்லை’ என்று எழுதும் கட்டம்

எண்ணெய் வைத்த தலையில் ஒயர் நிற்காது. அதனால் முதல் நாளே சொல்லி அனுப்புவோம்: தலைக்குக் குளித்து, ஈரம் காய்ந்து, எண்ணெய், பூ எதுவும் இல்லாமல் வர வேண்டும். சொன்னாலும் பத்தில் நாலு பேர் எண்ணெய் வழியத்தான் வந்து நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளையைப் பரட்டைத் தலையோடு அனுப்ப எந்த வீட்டுக் கிழவிக்கும் மனசு வராது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு வகிடு வகிடாகத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

தென் மாவட்டம் ஒன்றின் அரசு ஆஸ்பத்திரியில் 26 வருஷம், மூளை அலையைப் பதியும் இ.இ.ஜி. பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். மூக்குத்தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரி மேடுவரை டேப்பால் அளந்து, பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று கணக்குப் போட்டு, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பேஸ்ட் தடவி ஒயரை ஒட்ட வேண்டும். தலையில் 19, காதுகளில் 2. எர்த் ஒயரை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மடிப்புக் காகிதத்தின் மேல் பேனாக்கள் மசியால் கீறிக்கொண்டே ஓடும். மசி அடைத்துக்கொண்டால் ஊசியை விட்டுக் குத்த வேண்டும், விரலெல்லாம் நீலமாகிவிடும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. விரல் சுத்தமாயிற்று, மற்றபடி வேலை அதேதான்.

ஒயர் ஒட்டி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் எதிராளியின் தலை என் இரண்டு கைகளுக்குள் இருக்கும். நான் பின்னால் நிற்பேன், அவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் மனிதர்கள் பேசிவிடுகிறார்கள். முடி வெட்டுகிறவரிடம் ஊர்க்கதையெல்லாம் போய்ச் சேருவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் எழுதி அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: ‘குடும்பத்தில் வேறு யாருக்கேனும் வலிப்பு நோய் உள்ளதா?’ வரிசையில் நிற்கும்போதே கேட்டு நிரப்பிவிடுவார்கள். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேர் சூழ நிற்கும் இடத்தில் கேட்டால் என்ன பதில் வரும்? ‘இல்லை’. திரைக்கு உள்ளே வந்து, பத்தாவது ஒயர் ஒட்டும்போதுதான் மெதுவாக வரும்: “சிஸ்டர், எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. கெணத்துல விழுந்து செத்தாருன்னு சொல்லுவாங்க. ஃபிட்ஸ் வந்துதான் விழுந்தாரு.” நான் சிஸ்டர் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ஸ்டெதாஸ்கோப் மாட்டாத பெண்கள் எல்லோரும் சிஸ்டர்தான்.

2016-ல் ஒரு தாய் நாலு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசம் என்று மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் சொல்லியிருந்தார்கள். இரண்டு முறை கண் செருகி நின்றதால் இ.இ.ஜி.க்கு அனுப்பியிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஒயர் ஒட்டுவது தனி வித்தை. தலையைத் தொட்டாலே சிலருக்கு நெருப்புப் பட்ட மாதிரி இருக்கும். பேஸ்டின் ஈரம் ஆகாது, ஃபேன் சத்தம் ஆகாது. ராத்திரி ரெண்டு மணிவரை விழிக்க வைத்துக் கூட்டி வரச் சொல்லுவோம், காலையில் தூக்க சிரப் கொடுப்போம். அப்படியும் டேப்பை எடுத்தாலே கதறும் பிள்ளைகள் உண்டு. இவன் கதறவில்லை. என் தட்டில் இருந்த ஒயர்களை எடுத்து நிற வாரியாகத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தான். மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சையை நான் வைத்தபோது மட்டும் என் கையைத் தட்டிவிட்டான்.

அவனுக்குப் பழக்கம் வரட்டும் என்று தாயின் முழங்கையில் கொஞ்சம் பேஸ்டைத் தடவிக் காட்டப் போனேன். அதற்குள் அவளே குனிந்து அவன் காதில் சொன்னாள்: “ஜில்லுன்னு இருக்கும்டா. அப்புறம் லைட்டு படபடன்னு மின்னும், கண்ண மூடிக்கணும். மூச்ச வேகமா இழுத்து விடச் சொல்லுவாங்க.”

நான் இன்னும் லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. படிவத்தைப் பார்த்தேன். கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வயசில் வந்திருக்கிறது. மாத்திரையில் அடங்கிவிட்டது. கல்யாணம் பேசியபோது பெண் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளே ரகசியமாக மாத்திரை வாங்கி, சத்து மாத்திரை டப்பாவுக்குள் போட்டு வைத்து, ராத்திரி பாத்திரம் கழுவப் போகும்போது விழுங்கியிருக்கிறாள். உண்டானபோது கிராம சுகாதார நர்ஸ் கேட்ட கேள்விக்கும் அதே பதில், ‘இல்லை’. கர்ப்பகாலம் முழுக்க அந்த வால்ப்ரோயேட் மாத்திரை ஓடியிருக்கிறது, தினம் 1,000 மில்லிகிராம். ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருந்தது. பிறந்தபோதும் நன்றாகத்தான் இருந்தான்.

“என்கிட்ட இருந்துதானே சிஸ்டர் அவனுக்கு வந்துச்சு?” என்று கேட்டாள்.

டெக்னீஷியன் ரிசல்ட் சொல்லக் கூடாது. திரையில் வலிப்பு அலை ஓடினாலும் முகத்தை மாற்றாமல் நிற்க வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். அந்தச் சட்டம் அன்றைக்கு எனக்கு ஒதுங்கிக்கொள்ளச் சௌகரியமாக இருந்தது. “டாக்டரம்மாகிட்ட கேளு, ஆனா மறைக்காம கேளு” என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் பிரிவு டாக்டரம்மா அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். ஃபைல் கொடுக்கப் போன நான் நின்று கேட்டேன். “உன்கிட்ட இருந்துதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. நூறு பிள்ளைக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு. உன் ஒரு பிள்ளைக்குக் கணக்கு கெடையாது.”

அந்தக் கணக்கை அவர் பிறகு எனக்கும் சொன்னார், டென்மார்க் கணக்கு. அங்கே பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு, 1968 முதல். ஆஸ்பத்திரிப் பதிவு, மருந்துக் கடைச் சீட்டு, பிரசவம், பிள்ளையின் நோய் எல்லாம் அந்த எண்ணில் போய்ச் சேரும். மாமியார் பக்கத்தில் நிற்கிறாரா என்று பார்த்து யாரும் எதையும் எழுத வேண்டியதில்லை. 1996 முதல் 2006 வரை அங்கே பிறந்த ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கிறிஸ்டென்சன் என்பவரின் குழு ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டது. ஆட்டிசம் வகைக் குறைபாடு பொதுவில் நூற்றுக்கு ஒன்றரை. வயிற்றில் இருக்கும்போது வால்ப்ரோயேட் பட்ட 508 பிள்ளைகளில் நூற்றுக்கு 4.4. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அப்படியும் நூற்றில் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இல்லை. மூன்று மடங்கு என்று கேட்டால் வயிறு கலங்கும், தொண்ணூற்றைந்து என்று கேட்டால் மூச்சு வரும். டாக்டரம்மா எப்போதும் இரண்டையும் சேர்த்தேதான் சொல்லுவார். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லுவது பொய் என்பது அவர் கட்சி.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. தாய்க்கு வலிப்பு உண்டு, ஆனால் கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் எடுக்கவில்லை என்றால்? நூற்றுக்கு 2.4. பொதுக் கணக்கைவிடக் கொஞ்சம் கூட, மாத்திரைக் கணக்கைவிட நன்றாகக் குறைவு. மாத்திரை ஒரு பங்கு, வலிப்பு இருக்கும் குடும்பம் என்பது ஒரு சிறு பங்கு என்று இரண்டு கயிறு அதில் முறுக்கிக் கிடக்கிறது. இரண்டாவது கயிற்றை 2016-ல் ஸ்வீடன்காரர்கள் தனியாக இழுத்துப் பார்த்தார்கள். வலிப்பு நோய் உள்ள 85,000 பேரையும் அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் தேடி எண்ணினார்கள். வலிப்பு உள்ளவரின் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. கூடப்பிறந்தவர்களுக்கும் அதே அளவு. தாய்க்கு இருந்தால் 1.9, தகப்பனுக்கு இருந்தால் 1.4. தகப்பன் மாத்திரை பிள்ளை இருக்கும் வயிற்றுக்குள் போவதில்லை, கூடப்பிறந்தவர் மாத்திரையும் போவதில்லை. அப்படியிருந்தும் கொஞ்சம் கூடுகிறதென்றால் ரத்தத்தில் ஏதோ பொதுவாக ஓடுகிறது என்றுதான் அர்த்தம். மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததைத் தூண்டுவதும் அடக்குவதும் ஒரு கணக்கில் நடக்கிறது. அந்தக் கணக்கை எழுதும் மரபணுக்களில் சில, பிசகினால் ஒருவருக்கு வலிப்பாகவும், இன்னொருவருக்கு ஆட்டிசமாகவும், சிலருக்கு இரண்டாகவும் வெளிப்படுகின்றன.

வால்ப்ரோயேட் வந்த கதை வேடிக்கையானது. 1882-ல் அமெரிக்க வேதியியலாளர் ஒருவர் அதை உருவாக்கினார். எண்பது வருஷம் அது வேறு பொருள்களைக் கரைக்கும் திரவமாகவே கிடந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிளில் பியேர் எமார் என்ற ஆராய்ச்சி மாணவர் சில மருந்துகளை அதில் கரைத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எதைக் கரைத்தாலும் வலிப்பு நின்றது. அப்புறம்தான் புத்தி தட்டியது, நிறுத்தியது மருந்தல்ல, கரைத்த திரவம். 1967-ல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. எல்லா வகை வலிப்புக்கும் கேட்கும், விலையும் குறைவு. எங்கள் மருந்து ஜன்னலிலும் அது எப்போதும் இருக்கும். வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்கு அதை எழுதும்போது நாளைக்குக் கல்யாணம், பிள்ளை என்று யாரும் யோசித்துப் பார்க்காத காலம் ஒன்று இருந்தது. நானும் அந்தக் காலத்தில் அங்கேதான் வேலை பார்த்தேன், சீட்டைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பிரான்சில் தாய்மார்கள் சங்கம் வைத்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். பிரிட்டனில் 2018 முதல், கருத்தடை ஏற்பாடு உறுதியாக இல்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இந்த மாத்திரை கொடுக்கக் கூடாது என்று விதி வந்தது.

அந்தப் பையனின் தாய்க்கு இ.இ.ஜி. எடுத்து, மாத்திரையை மாற்றினார்கள். ஒரே நாளில் அல்ல. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, லாமோட்ரிஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மாசக்கணக்கில். கூடவே ஃபோலிக் அமில மாத்திரை. லாமோட்ரிஜின், வேகமாக ஏற்றினால் உடம்பெல்லாம் தடித்துவிடும் மாத்திரை. கர்ப்பத்தில் உடம்பு அதை வேகமாக வெளியேற்றிவிடும் என்பதால் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்கெல்லாம் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும், நர்சுக்குத் தெரிந்தாக வேண்டும், கட்டாயம் புருஷனுக்குத் தெரிந்தாக வேண்டும். சத்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்து இந்த வைத்தியம் நடக்காது.

இதைச் சொல்லும்போதே இன்னொரு பெண்ணின் ஞாபகம் வருகிறது. கல்லூரி படித்தவள், மூன்று மாசக் கர்ப்பம். யாரோ செல்போனில் அனுப்பிய வீடியோவில் ‘வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் ஆட்டிசக் குழந்தை’ என்று பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறாள். ஐந்தாம் நாள் ஆம்புலன்சில் வந்தாள். ஒரு வலிப்பு நிற்கும் முன்னே அடுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் ஒயர் ஒட்டினேன். அந்தத் தலையிலும் எண்ணெய் இருந்தது. அவள் பிழைத்தாள், வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது வால்ப்ரோயேட்டே இல்லை, லெவெடிராசெடம். ஆட்டிசத்துக்கும் அதற்கும் இப்படி ஒரு தொடர்பை எந்தப் பெரிய ஆய்வும் நிறுவவில்லை. வீடியோக்காரருக்கு எல்லாம் ‘வலிப்பு மாத்திரை’தான்.

ஆராய்ச்சிக்காரர்களும் சொன்னதைத் திருத்திக்கொள்கிறார்கள். 2022-ல் வட ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு டோபிரமேட் என்ற வலிப்பு மாத்திரையையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. 2024-ல் அமெரிக்காவில் அதே கேள்வியைக் கேட்டு, தாயின் நோயையும் மற்ற விவரங்களையும் கழித்துப் பார்த்தபோது டோபிரமேட்டின் மேல் இருந்த சந்தேகம் கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது. வால்ப்ரோயேட் மேல் இருந்தது கரையவில்லை. அந்த 2024-ன் தொடக்கத்திலேயே ஐரோப்பிய மருந்துகள் முகமை தகப்பன்மாரையும் எச்சரித்தது: கரு உண்டாவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் தகப்பன் வால்ப்ரோயேட் எடுத்திருந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சிக் குறைபாடு கொஞ்சம் கூடலாம் என்று. டென்மார்க் குழுவோ எங்கள் பதிவேட்டில் அப்படித் தெரியவில்லை என்றது. தகப்பன்மார் விஷயத்தில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

தகப்பன்மார் என்றதும் எனக்கு ஒரு லாரி டிரைவர். மகனுக்கு இரண்டு வயசு, பிறந்த ஆறாம் மாசத்திலேயே உடம்பை மடக்கி மடக்கி வலிப்பு வந்திருக்கிறது, கண்ணோடு கண் பார்ப்பதில்லை. ஒயர் ஒட்டச் சட்டையைக் கழற்றியபோது முதுகில் வேப்பிலை வடிவத்தில் மூன்று வெள்ளைத் திட்டு. டாக்டரம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார், இந்தத் திட்டைப் பார்த்தால் உடனே தாய் தகப்பன் முகத்தைப் பார் என்று. வாசலில் நின்ற தகப்பனின் மூக்கைச் சுற்றி, கன்னமெல்லாம், சிவப்புச் சிவப்பாகப் பொரிப் பொரியாக இருந்தது. பரு என்று நினைத்து எத்தனையோ களிம்பு தடவியிருக்கிறார். சின்ன வயசில் ‘காக்கா வலிப்பு’ என்று கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். பிறகு தானாகவே நின்றுவிட்டதாம். படிவத்தில் வழக்கம்போல ‘இல்லை’.

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் தோலிலும் சிறுநீரகத்திலும் முடிச்சு முடிச்சாக வளரும் நோய். ஒரே மரபணுவின் பிசகு. தாய் தகப்பனில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ஆனால் இந்த நோயோடு வருகிறவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பெற்றோரிடம் எதுவும் இருக்காது, பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியதாக இருக்கும். இந்தக் குடும்பத்தில் அப்படி இல்லை. ‘அப்பாகிட்ட இருந்துதான் வந்தது’ என்று ஒரு டாக்டர் உறுதியாகச் சொல்லி நான் கேட்ட மிகச் சில தடவைகளில் அது ஒன்று. அந்த மனுஷன் இடிந்துபோவார் என்று பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப அவ மேல தப்பு இல்லைல, டாக்டர்?”

இரண்டு வருஷமாக அவருடைய அம்மா மருமகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம். கிரகணத்தன்று வெளியே போனாள், பப்பாளி தின்றாள் என்று.

இதற்கு நேர் எதிர் ஒரு கொத்தனார். அவருக்கு முப்பது வயசில் வலிப்பு வந்தது. மகளுக்குப் பேச்சு தாமதம் என்றதும், “உன் வியாதிதான் பிள்ளைக்கு” என்று மாமனார் வீட்டில் பஞ்சாயத்து வைத்துவிட்டார்கள். அவருடைய ஸ்கேனில் இருந்தது சுண்ணாம்பு படிந்த ஒரு சின்னப் புள்ளி. பன்றி நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான சாப்பாட்டோடு உள்ளே போய், மூளையில் தங்கிச் செத்துப்போன தழும்பு. நம் நாட்டில் இது வலிப்புக்குப் பெரிய காரணம். ஸ்கேனில் தெரியும் இந்த ஒற்றைப் புள்ளியைக் காசநோய் என்று நினைத்து வைத்தியம் செய்துகொண்டிருந்த காலத்தில், பெரும்பாலும் அது புழுதான் என்று நிறுவியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். புழுத் தழும்பு பிள்ளைக்குப் போகாது. டாக்டரம்மா அதை லெட்டர் பேடில் தமிழில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார், பஞ்சாயத்தில் காட்டச் சொல்லி. அந்த மாதிரி சர்டிஃபிகேட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஒரே கேள்விக்கு மூன்று வீட்டில் மூன்று பதில். கட்டத்தில் மட்டும் மூன்றிலும் ‘இல்லை’.

ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்ததில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பையும் பைத்தியத்தையும் ஒரே வரியில் வைத்து, அது உள்ளவர்களின் கல்யாணம் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போக வழி வைத்திருந்தார்கள். 1999-ல்தான் ‘வலிப்பு’ என்ற சொல்லை எடுத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பெண்கள் மறைத்தது சட்டத்துக்குப் பயந்தும்தான். சட்டத்திலிருந்து சொல் போய் இத்தனை வருஷமாகியும் தரகர் வாயிலிருந்து போகவில்லை. வலிப்பு உள்ள தாய்மார்களைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சேர்த்துப் பிள்ளை வளரும்வரை கூடவே போகும் பதிவேடு ஒன்று, 1998 முதல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நடக்கிறது. அங்கே போய்ப் பெயர் கொடுப்பவள் அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதித்தான் உள்ளே வருகிறாள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் சில மணி நேரம்தான். நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அந்தப் பையன் எட்டு வயசில் மறுபடி இ.இ.ஜி.க்கு வந்தான். தாயும் தகப்பனும் சேர்ந்து வந்தார்கள், இடுப்பில் ஒன்றரை வயசுப் பெண் பிள்ளை. மாத்திரை மாற்றிய பிறகு உண்டானவள். அவளைப் பற்றி இப்போதே எதுவும் சொல்ல முடியாது. பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், என் டேப்பைப் பிடுங்கினாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். கட்டத்தில் ‘தாய்க்கு’ என்று எழுதியிருந்தது. பென்சிலால்.

“அத்தை ஃபைலைப் பிரிச்சுப் பாப்பாங்க சிஸ்டர்,” என்றாள். “நீங்க பாத்ததும் அழிச்சிருங்க.”

புருஷன் ரப்பரைக் கூடச் சட்டைப்பையில் கொண்டு வந்திருந்தார். நான் உள்ளே போய் டாக்டரின் நகலில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு, அவர்களுடையதை அழித்துத் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி சரியா என்று கேட்டால் சரியில்லைதான்.

பையனுக்கு இப்போது சில வார்த்தைகள் வருகின்றன. பெரும்பாலும் எண்கள். தலையைக் கொடுத்து அசையாமல் உட்கார்ந்தான், மஞ்சளும் பச்சையும் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை மட்டும் அவனே எடுத்துக் கொடுத்தான். போன தடவை சத்தமாக எண்ணிக்கொண்டே ஒட்டினேன், இந்தத் தடவை தாயோடு பேசிக்கொண்டே ஒட்டினேன். முடித்துவிட்டு மெஷினிடம் திரும்பினேன்.

“இருபது,” என்றான்.

நான் பார்த்தேன். இடது காது ஒயர் தட்டிலேயே கிடந்தது. அதை எடுப்பதற்குள் அவன் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டிவிட்டான்.